ஹுசைன் பீ நேர்ந்து போட்ட பூட்டு

செஞ்சிக் கடைத்தெருவில் சாயங்காலம் பலகை சாத்துகிற சத்தம் கேட்டாலே ஹுசைன் பீ கைவேலையைப் போட்டுவிட்டு எழுந்துவிடுவாள். மற்றவர்களுக்கு அது வேலை முடிந்து வீடு திரும்புகிற சத்தம். அவளுக்கு அது மகன் சாந்த் பாஷா வீட்டைவிட்டுக் கிளம்புகிற சத்தம்.

அவள் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை உடைத்துப் புடைக்கிறவள். புருஷன் ரசூல் அதே மண்டிக்கு மாட்டுவண்டியில் மூட்டை ஏற்றி வருகிறவன். ஒரே மகன். பன்னிரண்டு வயது நடந்தது. மூக்கும் முழியுமாக ராஜா வீட்டுப் பிள்ளை மாதிரி இருப்பான். ஆனால் யார் முகத்தையும் பார்க்க மாட்டான். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். பஸ் ஹாரன் அடித்தால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நடுரோட்டில் உட்கார்ந்துவிடுவான். யாராவது தொட்டால் நெருப்புப் பட்ட மாதிரி உதறுவான். பேச்சும் ஒரு தினுசு. நாம் சொன்னதைத் திருப்பிச் சொல்வான், அவ்வளவுதான். "சாப்டியா?" என்றால் "சாப்டியா" என்பான். பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். வாத்தியார் 'அ' என்றால் 'அ' என்றான். 'வெளியே போ' என்றால் 'வெளியே போ' என்றான், போகத்தான் இல்லை. கடைசியில் சத்துணவு வேளைக்கு மட்டும் தட்டோடு போய்வருகிற பிள்ளையாக ஆகிவிட்டான்.

படைச்சவன் அவனை அப்படி எழுதி அனுப்பியிருந்தான். அதற்கு இன்ன பேர் என்று அந்த நாளில் எங்கள் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. கிறுக்கு என்றார்கள் சிலர். காற்றுச் சேஷ்டை என்றார்கள் சிலர். ஹுசைன் பீ "என் புள்ள" என்றாள்.

அவனுக்கு வாய் திறக்கிற வயசு வந்தும் ஒரு சொல் வராதபோது அவள் கல்லடி மஸ்தான் தர்காவில் ஒரு பூட்டு நேர்ந்து போட்டாள். சந்திரகிரி மலைக்குப் பின்னால், ஒரு பெரிய பாறையின் நிழலில், பச்சைத் துணி போர்த்திய சின்ன தர்கா அது. முன்னால் இரண்டு கல்தூண்கள். தூணுக்குத் தூண் ஓர் இரும்புச் சங்கிலி. குறை உள்ளவர்கள் புதுப் பூட்டு வாங்கிவந்து, துவா கேட்டு, அந்தச் சங்கிலியில் மாட்டிப் பூட்டுவார்கள். யாருக்காக நேர்ந்தார்களோ அவர் உடம்போடு சாவி இருக்க வேண்டும். குறை தீர்ந்தால் வந்து திறக்கலாம். தீருகிற வரைக்கும் திறக்கக் கூடாது. அனந்தபுரத்திலிருந்தும் வல்லத்திலிருந்தும் எல்லாச் சாதி சனமும் வந்து மாட்டும். பக்கத்து வீட்டுத் தைலம்மாள்கூடப் பிள்ளை வேண்டி ஒரு பூட்டு மாட்டித் திறந்தவள்தான்.

"எனக்கு ஒரு பூட்டுக்கு ரெட்டைப் புள்ளடி, ஹுசைனு," என்பாள் தைலம்மாள். "உன் புள்ளைக்குப் பேச்சு வண்டி வண்டியா வரப்போவுது. அப்புறம் 'வாய மூடுடா'ன்னு இன்னொரு பூட்டு மாட்டுவே பாரு."

ஹுசைன் பீ சாவியை மகனின் அரைஞாண் கயிற்றில் கோத்துவிட்டாள். வியாழக்கிழமைதோறும் அவனைக் கூட்டிக்கொண்டு தர்காவுக்குப் போவாள். பூட்டைப் பிடித்து ஒரு இழுப்பு இழுப்பாள். "பூட்டி இருக்குதா?" என்று கேட்பாள். "பூட்டி இருக்குது," என்று அவளே பதிலும் சொல்வாள். இன்னும் குறை தீரவில்லை சாமி, மறந்துடாதே என்று அங்கே அடங்கியிருக்கிற அவுலியாவுக்குச் சொல்கிற மாதிரி.

ஒரு வியாழக்கிழமை, அவள் கேட்பதற்கு முன்னால் சாந்த் பாஷா பூட்டை இழுத்து, "பூட்டி இருக்குது," என்றான். அவள் அழுதுகொண்டே ஓடிப் போய்த் தர்காவைப் பார்த்துக்கொள்கிற ரியாசுதீன் பாயிடம் சொன்னாள். அவர் ஊதுபத்தி கொளுத்திக்கொண்டிருந்தார்.

"நீ சொன்னத அவன் சொல்றான். அது பேச்சாம்மா? தானா ஒரு வார்த்தை வரட்டும். யாரும் சொல்லிக் குடுக்காத வார்த்தை. அப்ப வந்து தொற."

அந்த வார்த்தை வரவில்லை. பூட்டை இழுக்கிற பழக்கம் மட்டும் பிள்ளைக்கு ஒட்டிக்கொண்டது. எந்தப் பூட்டைக் கண்டாலும் இழுத்துப் பார்த்து, "பூட்டி இருக்குது," என்று சொன்னால்தான் அவனுக்கு மனசு ஆறும். கடைத்தெருவில் பலகை சாத்துகிற நேரத்துக்குக் கிளம்பிவிடுவான். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒவ்வொரு பூட்டாக இழுத்துக்கொண்டே போவான். கடைக்காரர்கள் சிரிப்பார்கள். எண்ணெய்க் கடை ராஜாராம், "வாச்மேன் வந்துட்டாரு, இனிமே நாம நிம்மதியா தூங்கலாம்," என்பார். ஒருநாள் சாந்த் பாஷா அவர் கடை வாசலைவிட்டு நகராமல் தலையைத் தலையை ஆட்டிக்கொண்டு நின்றான். திட்டப் போன ராஜாராம் குனிந்து பார்த்தால், பூட்டு சரியாக விழவேயில்லை. அன்றைக்கு முதல் அவர் கையால் அவனுக்கு ஒரு பிடி பொட்டுக்கடலை.

எண்பத்தாறாம் வருஷம் கார்த்திகை மாசம், கடைத்தெருவில் ஒரு பாத்திரக் கடையில் களவு போனது. பூட்டு உடையவில்லை. யாரோ கள்ளச்சாவி போட்டிருக்கிறார்கள்; காலையில் பூட்டு திறந்தபடி தொங்கியது. களவைப் பிடிக்க வெளியூரிலிருந்து இரண்டு போலீஸ்காரர்கள் வேட்டி சட்டையில் வந்து கடைத்தெருவில் உலாவிக்கொண்டிருந்தார்கள். இங்கே யார் எவர் என்று அவர்களுக்குத் தெரியாது. பொழுது சாய்கிற நேரத்தில் ஒரு பையன் வரிசையாகக் கடைப் பூட்டுகளை இழுத்துப் பார்த்துக்கொண்டு வந்தால் அவர்கள் என்னவென்று நினைப்பார்கள்? அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை.

ஒருவர் தோளில் கை வைத்தார். சாந்த் பாஷா உதறிக்கொண்டு ஓடினான். ஓடினவனை இருவரும் சேர்ந்து பிடித்தார்கள். சட்டை மேலே ஏறியது. அரைஞாண் கயிற்றில் சாவி.

"இது எந்தக் கடை சாவிடா?"

"எந்தக் கடை சாவிடா."

"திமிரா? கூட வந்தது யாரு?"

"கூட வந்தது யாரு."

"பாத்திரக் கடைய நீதானே தொறந்தே?"

"நீதானே தொறந்தே," என்றான் சாந்த் பாஷா, சாவியையே பார்த்தபடி.

ராஜாராம் கடையிலிருந்து இறங்கி ஓடிவந்தார். "ஐயா, ஐயா, அது ஒண்ணியும் தெரியாத புள்ளைங்க. தினமும் வர்ற புள்ள."

"ஒண்ணியும் தெரியாத புள்ளைக்கு இடுப்புல எதுக்குய்யா சாவி?"

ராஜாராமுக்குப் பூட்டை இழுக்கிற பிள்ளையைத் தெரியும். தர்காப் பூட்டைத் தெரியாது.

தைலம்மாள்தான் சந்துக்குள் கத்திக்கொண்டு வந்தாள். "ஏ ஹுசைனு! உன் புள்ளைய புடிச்சிட்டுப் போறாங்கடி!" ஹுசைன் பீ தலையில் மல்லாட்டைத் தொலியோடு அப்படியே ஓடினாள். ஸ்டேஷன் வாசலில் நின்று நேர்ச்சைக் கதையை ஒன்றுவிடாமல் சொன்னாள். உள்ளே எழுதிக்கொண்டிருந்த போலீஸ்காரர் நிமிர்ந்து பார்த்தார். கெட்ட மனுஷர் இல்லை.

"கையில சாவியோட புடிபடுறவன் எல்லாம் ஏதாவது ஒரு பூட்டு சொல்றான், அம்மா. இத்தையெல்லாம் கோர்ட்ல சொல்லு."

மறுநாள் பிள்ளையை ஜில்லா ஊருக்குக் கொண்டுபோய்ச் சிறுவர்களை வைத்திருக்கிற இல்லத்தில் விட்டார்கள். பிள்ளை ஜெயிலுக்குப் போய்விட்டான் என்று சந்தில் பேசிக்கொண்டார்கள். ஹுசைன் பீக்கு ஜெயிலா வேறா என்பது பெரிசாகத் தெரியவில்லை. அவள் கவலையே வேறு. சோற்றில் குழம்பு பட்டால் அவன் தட்டையே தொட மாட்டான். இரண்டையும் தனித்தனியாக வைக்க வேண்டும். அங்கே யார் வைப்பார்கள்? தலையில் கை வைக்காமல் முடி வெட்டணும். யார் வெட்டுவார்கள்? 'வா' என்றால் 'வா' என்பான், அதைக் கிண்டல் என்று நினைத்துப் பெரிய பிள்ளைகள் அடித்தால்? அடிக்காதே என்று சொல்லத் தெரியாதே அவனுக்கு. 'அடிப்பேன்' என்றால் 'அடிப்பேன்' என்றல்லவா சொல்வான். தொழுகைப் பாயில் உட்கார்ந்தால் ஓத வேண்டியது மறந்து இதுதான் ஓடியது.

சிறுவர் கோர்ட்டில் நீதிபதி ஒரு அம்மாள். பிள்ளையைப் பார்த்தார், பெற்றவர்களைப் பார்த்தார். விசாரணை முடிகிற வரைக்கும் ராஜாராமின் பொறுப்பிலும் ரசூலின் பொறுப்பிலும் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். நன்னடத்தை அதிகாரி ஒருவர் வீட்டுக்கு வந்து பார்த்து எழுதித் தருவார் என்றும், அதைப் பார்த்துத்தான் முடிவு என்றும் சொன்னார். குற்றம் என்று ஆனால், மீசை முளைக்கிற வரைக்கும் சீர்திருத்தப் பள்ளிதான்.

சாந்த் பாஷா இளைத்து வந்தான். மணிக்கட்டில் அவனே கடித்த தழும்பு. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவன் கை இடுப்புக்குப் போய்ப் போய் வந்தது. சாவி அங்கே இல்லை, கோர்ட்டில் இருந்தது.

ஒருநாள் சாப்பிட்டு முடித்ததும் ரசூல் தொண்டையைச் செருமினான். "ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காதே."

"சொல்லு."

"அந்தச் சீர்திருத்தப் பள்ளிக்கூடத்துல மூணு வேளை சோறு போடுறாங்களாம். தச்சு வேலை, தையல் வேலை எல்லாம் கத்துத் தர்றாங்களாம். நாம கண்ண மூடிட்டா இவன யாரு பாப்பாங்க? யோசிச்சிப் பாரு."

அவன் பிள்ளையை வேண்டாம் என்று சொல்லவில்லை. மாடு ஓய்ந்துபோனால் நுகத்தடியில் தலையைச் சாய்க்குமே, அப்படி ஒரு சாய்வு. ஹுசைன் பீக்கு அது புரிந்தது. இருந்தாலும் விடவில்லை.

"சோறும் கொழம்பும் ஒட்டாம யாரு போடுவாங்க அங்க?" என்றாள்.

ரசூல் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

நன்னடத்தை அதிகாரியின் பேர் துரைக்கண்ணு. ஒல்லியான மனுஷர். கையில் குடை, தோளில் ஒரு துணிப்பை. பஸ் நிலையத்திலிருந்து விசாரித்துக்கொண்டே சந்துக்குள் வந்தார். குடிசை வாசலில் நின்று, கதவுக்குப் பதிலாகக் கயிற்றால் கட்டியிருந்த படலைப் பார்த்தார்.

"வீட்டுக்குப் பூட்டு இல்லையா, அம்மா?"

"பூட்டி வைக்க உள்ள இன்னா இருக்குதுங்க, ஐயா?"

அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார். அந்த எழுத்தைப் பார்த்ததும், தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று ஹுசைன் பீ பயந்தாள். பிள்ளையிடம் பேசிப் பார்த்தார். சொன்னதெல்லாம் திரும்பி வந்தது. தைலம்மாள் படலுக்கு வெளியே நின்று, "ஐயா, அவன் திருடுறதுனா முதல்ல என் ஆட்டைத் திருடியிருக்கணும், அது அவன் பின்னாலயே சுத்துது!" என்று சாட்சி சொன்னாள். அதையும் எழுதிக்கொண்டாரோ என்னவோ.

கிளம்புகிறபோது சொன்னார். "பாருங்கம்மா, நான் கண்ணால பார்த்ததைத்தான் எழுத முடியும். ஊர்ல நாலு பேர் நல்லவிதமா சொல்றாங்க, சரி. ஆனா அந்தச் சாவிதான் இடிக்குது. அது தர்காப் பூட்டுச் சாவின்னு நீங்க சொல்றீங்க. நீதிபதி அம்மாகிட்ட கேட்டுச் சாவிய வாங்கிட்டு வர்றேன். அந்தப் பூட்டை அது தொறந்தா, தொறந்துதுன்னு எழுதுவேன்."

"தொறக்கலைன்னா?" என்றான் ரசூல்.

"தொறக்கலைன்னு எழுதுவேன்."

ஹுசைன் பீ முன்னால் வந்தாள். "ஐயா, அத்த தொறக்கக் கூடாதுங்க. புள்ளைக்கு இன்னும் கொறை தீரலியே."

துரைக்கண்ணு குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "அடுத்த வியாழக்கிழமை வர்றேன். யோசிச்சி வையுங்க," என்றார்.

யோசிக்க என்ன இருக்கிறது? யோசித்தால் இரண்டு பக்கமும் இருட்டுதான். நேர்ந்ததை முறித்தால், அவுலியா கொடுத்த கொஞ்ச வார்த்தையும் போய்விட்டால்? 'பூட்டி இருக்குது' என்கிற அந்த ஒரு சொல்லும் பிள்ளை வாயைவிட்டுப் போய்விட்டால்? திறக்கமாட்டேன் என்றால் பிள்ளையே போய்விடுவான். அவள் தர்காவுக்கு ஓடி ரியாசுதீன் பாயிடம் கேட்டாள்.

அவர் நெடுநேரம் தாடியைத் தடவினார். "எங்க நைனா காலத்துல ஒருத்தி அவசரப்பட்டுத் தொறந்துட்டாளாம்."

"இன்னா ஆச்சு அவளுக்கு?"

"அது எனக்குத் தெரியாதும்மா. எங்க நைனா அதுக்கு மேல சொல்லமாட்டாரு. எழுந்து போயிடுவாரு. அதனாலதான் எனக்கும் பயம்."

"நீங்களே இப்டி சொன்னா எப்டி பாய்?"

"நான் இன்னா செய்ய? நான் வெளக்கேத்துறவன். நேர்ந்தவ நீ. படைச்சவன் உன்னைத்தான் கேப்பான், என்னை இல்ல."

வீட்டுக்கு வந்து அதை ரசூலிடம் சொன்னாள். அவன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். திரும்பாமலே பதில் சொன்னான்.

"பேச்சு போனாப் போவுது. இப்ப மட்டும் இன்னா பேசிக் கிழிச்சிட்டான்? புள்ள போவக் கூடாது."

"நீதானே அன்னிக்கி அங்க சோறு போடுவாங்கன்னே?"

"சொன்னேன். நேத்து ராத்திரி அவன் சோத்தையும் கொழம்பையும் நான்தான் வெச்சேன், நீ மண்டியிலிருந்து வர லேட்டு. கொஞ்சம் ஒட்டிடுச்சி. அவன் தட்டத் தள்ளிட்டு மொவத்த சுவத்துக்கு திருப்பிக்கினான். பெத்தவன் எனக்கே வெக்கத் தெரியல." குடத்தைக் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தான். "தொறந்துரு புள்ள. பாவம்னா அது என் தலையில வரட்டும்."

வியாழக்கிழமை காலையில் துரைக்கண்ணு வந்தார். பைக்குள் அரக்கு முத்திரை வைத்த ஓர் உறை. நால்வருமாகக் கரட்டு வழியில் நடந்தார்கள். சாந்த் பாஷா முன்னால் போனான். வழி அவனுக்குத் தெரியும். தர்கா வந்ததும் ஓடிப் போய்ச் சங்கிலியில் முதல் பூட்டை இழுத்தான். "பூட்டி இருக்குது." அடுத்ததை இழுத்தான். "பூட்டி இருக்குது." இல்லத்திலிருந்து வந்த பிறகு அன்றைக்குத்தான் அந்தச் சொல்லை அவன் மறுபடி சொன்னான். ஹுசைன் பீ காதில் அது தேனாகவும் விழுந்தது, முள்ளாகவும் குத்தியது. இதுவே கடைசித் தடவையாக இருந்துவிட்டால்?

துரைக்கண்ணு உறையைப் பிரித்துச் சாவியை அவள் கையில் கொடுத்தார். அவள் அல்லாவின் பேரால் பிஸ்மி சொன்னாள். பூட்டைப் பிடித்துச் சாவியை நுழைத்தாள்.

திரும்பவில்லை.

எத்தனை மழைக்காலம் நனைந்த பூட்டு! உள்ளே துரு ஏறி இறுகிப் போயிருந்தது. ரசூல் வாங்கித் திருகிப் பார்த்தான். சாவி வளைகிற மாதிரி இருந்ததும் பயந்து விட்டுவிட்டான்.

"இதே பூட்டுதானா, அம்மா?" என்றார் துரைக்கண்ணு.

"சத்தியமா இதுதாங்க, ஐயா. அல்லா மேல ஆணையா இதுதான்."

"நான் நம்புறேன். ஆனா நம்புறேன்னு எழுத முடியாதே."

ரியாசுதீன் பாய் உள்ளே போய்க் சமாதியில் எரிகிற கபுர் விளக்கிலிருந்து கொஞ்சம் எண்ணெயைத் திரியோடு கொண்டுவந்தார். பூட்டுத் துவாரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டார். "ஊறட்டும், ஊறட்டும்," என்று என்னென்னவோ முணுமுணுத்துக்கொண்டேயிருந்தார். துரைக்கண்ணு பஸ்ஸை நினைத்து ரோட்டுப் பக்கம் பார்த்தார். ஹுசைன் பீ முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டாள். இத்தனை நாளும் 'குறை தீர்த்துக் கொடு, இந்தப் பூட்டைத் திறக்கவிடு' என்றுதான் அவள் கேட்டிருக்கிறாள். இப்போது அவளுக்கு என்ன கேட்பது என்றே தெரியவில்லை. குறையை அப்படியே வைத்துக்கொள் சாமி, பூட்டை மட்டும் திறந்துவிடு என்று கேட்க முடியுமா? அதைத்தான் கேட்டாள்.

மறுபடி சாவியைப் போட்டாள். கரகரவென்று ஏதோ அரைபட்டது. டக்கென்று வளையம் தெறித்துத் திறந்தது.

அந்தச் சத்தம் கேட்டதும், சங்கிலியின் அந்தக் கோடியில் நின்ற சாந்த் பாஷா திரும்பினான். திறந்த பூட்டைப் பார்த்தான். வாழ்நாளெல்லாம் பூட்டியே பார்த்த பூட்டு. "தொறக்காதே!" என்று கத்தினான். அப்படி ஒரு சத்தத்தை யாரும் அவனிடம் கேட்டதில்லை. ஓடிவந்து அம்மாவைத் தள்ளிவிட்டு, இரண்டு கையாலும் வளையத்தை அழுத்தினான். பிசகியது. மறுபடி அழுத்தினான். பூட்டு விழுந்ததும் ஓர் இழுப்பு இழுத்தான். "பூட்டி இருக்குது," என்றான். கையை எடுக்காமல் மறுபடி மறுபடி இழுத்தான். "பூட்டி இருக்குது, பூட்டி இருக்குது."

துரைக்கண்ணு பூட்டிலிருந்து சாவியை உருவிக்கொண்டார். பிறகு, "இன்னொரு தடவை தொறக்க வேணாம். நான் பார்த்துட்டேன்," என்றார்.

சாந்த் பாஷா அவர் கையில் இருந்த சாவியைப் பார்த்துவிட்டு இடுப்பைத் தடவினான். அவருக்கு அது புரிந்தது. ஒரு நிமிஷம் தயங்கினார். ஆனாலும் சாவியை உறையில் போட்டுத்தான் பையில் வைத்தார். "இது கோர்ட்டுக்குப் போகணும், தம்பி," என்றார் அவனிடம், மெதுவாக. "போகணும் தம்பி," என்றான் அவன்.

திரும்பி வரும்போதுதான் ஹுசைன் பீக்கு அந்த வார்த்தை உறைத்தது. நின்றுவிட்டாள். 'தொறக்காதே.' அது யார் சொன்ன வார்த்தை? அவள் சொல்லவில்லை. ரசூல் சொல்லவில்லை. தர்காவுக்கே திரும்பி ஓடினாள்.

"பாய், எண்ணெய் விடும்போது நீங்க 'தொறக்காதே'ன்னு சொன்னீங்களா?"

ரியாசுதீன் பாய் முழித்தார். "ஊறட்டும்னு சொன்னேன். அதுக்குள்ள தொறக்காதேன்னும் சொன்னேனோ என்னமோ. நெனப்பு இல்லியேம்மா. ஒரே டென்ஷன் எனக்கு."

"நல்லா நெனச்சிப் பாருங்க பாய்."

"நெனைக்க நெனைக்க சொன்ன மாதிரியும் இருக்குது, சொல்லாத மாதிரியும் இருக்குது."

கீழே வந்து, பாய் அப்படிச் சொன்னது காதில் விழுந்ததா என்று துரைக்கண்ணுவிடம் கேட்டாள். "நான் பூட்டைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேம்மா," என்றார் அவர்.

கோர்ட்டில் அவர் எழுதியதைப் படித்தார்கள். இந்தப் பையன் பூட்டைத் திறக்கிறவன் அல்ல, பூட்டியிருக்கிறதா என்று பார்க்கிறவன், திறந்திருந்தால் தாங்கமாட்டாதவன், சாவி நேர்ச்சைப் பூட்டின் சாவி, இவனை வளர்க்கிற விதம் இவன் தாய்க்குத்தான் தெரியும், வேறு இடத்தில் வைத்தால் பிள்ளை கெட்டுப்போகும் என்று எழுதியிருந்தார். நீதிபதி அம்மாள் சாவியைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். பிள்ளையைப் பெற்றவர்களிடமே ஒப்படைத்தார். ஒரே ஒரு கண்டிப்பு: கடை சாத்திய பிறகு பையன் கடைத்தெருவில் காணக்கூடாது. அதிகாரி ஒரு வருஷம் வந்து பார்த்துப் போவார். மறுபடி ஒரு புகார் வந்தால் இங்கே இந்த முடிவு இருக்காது என்றார் அந்த அம்மாள். அதைக் கடுமையாகச் சொல்லவில்லை. ஆனால் ஹுசைன் பீ காதில் அந்தக் கடைசி வார்த்தைதான் தங்கியது.

பாத்திரம் எடுத்தவன் யார் என்று கடைசிவரை தெரியவே இல்லை.

பிள்ளை வந்துவிட்டான். சாயங்காலம்தான் பெரும்பாடு. பலகை சாத்துகிற சத்தம் கேட்டதும் எழுந்துவிடுவான். பிடித்து நிறுத்த முடியாது, தொட்டால் நெருப்பு. கடைத்தெருவுக்கு விடவும் முடியாது. ரசூல் எங்கிருந்தோ ஒரு பழைய கதவைக் கொண்டுவந்து படலுக்குப் பதிலாக மாட்டினான். ராஜாராம் தன் கடையின் பழைய பூட்டு ஒன்றைக் கொடுத்தார். சந்திலேயே ஒன்றுமில்லாத வீட்டுக்குத்தான் முதல் பூட்டு வந்தது. சாந்த் பாஷா அதை உள்பக்கம் பூட்டி இழுத்துப் பார்த்தான். ஆனால் ஒரு பூட்டு அவனுக்கு எந்த மூலைக்கு? கதவையே முட்டத் தொடங்கினான்.

அப்புறம் தைலம்மாள் ஆட்டுப்பட்டிக்கு ஒரு பூட்டைத் தொங்கவிட்டாள். "என் ஆட்டையும் பாத்துட்டுப் போடா, வாச்மேனு. சம்பளம் எல்லாம் கேக்கக் கூடாது," என்றாள். அவளைப் பார்த்து எதிர்வீட்டுக்காரி கோழிக்கூட்டுக்கு ஒன்று மாட்டினாள். சாந்த் பாஷா வீட்டிலிருந்து பட்டிக்கும், பட்டியிலிருந்து கூண்டுக்கும், கூண்டிலிருந்து வீட்டுக்கும் நடந்தான். போதவில்லைதான். சந்து முனையில் நின்று கடைத்தெருப் பக்கம் பார்ப்பான். அந்த நேரத்தில் ஏதாவது ஒரு வண்டிச் சத்தம் கேட்டால் போதும், ஜீப்பாக இருக்குமோ என்று ஹுசைன் பீ கையில் இருந்ததைக் கீழே போட்டுவிட்டு ஓடுவாள். கூப்பிட்டால் திரும்பமாட்டான். முன்னால் போய் நின்று அவளே ஒரு பூட்டைக் காட்ட வேண்டும். அதற்காக முந்தானையில் ஒரு சின்னப் பூட்டை முடிந்துகொண்டே திரிந்தாள்.

வியாழக்கிழமைகளில் தர்காவுக்குப் போவது நிற்கவில்லை. சாவி மறுபடி அவன் இடுப்பில் இருந்தது. குறை தீர்ந்ததா, தீரவில்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. தீர்ந்திருந்தால் பூட்டைத் திறந்து எடுத்துவிட வேண்டும். தீரவில்லை என்றால் திறக்கக் கூடாது. ரியாசுதீன் பாயிடம் கேட்டால், "உனக்கும் அவுலியாவுக்கும் உள்ளது," என்று நழுவிவிடுவார். அதனால் அவள் ஒன்று மட்டும் மாற்றிக்கொண்டாள். சங்கிலியின் அருகே போனதும், "பூட்டி இருக்குதா?" என்று இப்போது கேட்பதில்லை. வேறு பேச்சும் பேசுவதில்லை. பக்கத்தில் யாராவது பேசிக்கொண்டு நின்றால், அவர்கள் போகிற வரைக்கும் பிள்ளையை மரத்தடியில் நிறுத்திவைப்பாள். அப்புறம் கூட்டிப் போய்ச் சங்கிலியருகே விட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு ஒதுங்கி நிற்பாள். எதுவும் அவன் காதில் விழுந்துவிடக் கூடாது. ஒரு வார்த்தை வந்தால் அது அவனிடமிருந்தே வரட்டும்.

சாந்த் பாஷா பூட்டை இழுப்பான். அவள் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருப்பாள்.